கப்பல் உடைய மிஸ்கீனும் மண்ணில் கிடக்கும் மிஸ்கீனும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்று ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கும் சபையின் முன் வைக்கப்பட்டது. பைத்துல்மால் செலவினங்களுள் 'ஏழை மாணவர் உதவி' என்றோர் இனம் இடம்பெற்றிருந்ததை நீங்கள் செவியுற்றீர்கள். அந்த 'ஏழை' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டே இன்று சில செய்திகளைக் கூற நாடுகிறோம். எந்தக் குழந்தை ஏழைக் குழந்தை? பசித்த குழந்தை மட்டுந்தானா? பசியில்லாத குழந்தையும் ஏழையாக இருக்கக் கூடுமா? இக்கேள்விக்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே நம்முடைய ஜகாத்தும் ஸதகாவும் சென்று சேரும் இடம் அமைகிறது.

செல்வ நாடுகளில் குழந்தை வறுமை என்று எவரேனும் பேசினால் நம்மவர் பலருக்கு நகைப்பு வருகிறது. "காலில் காலணி உண்டு, வீட்டில் மின்விளக்கு உண்டு, பள்ளிக்கூடம் இலவசம், மருத்துவம் இலவசம், இவர்களா ஏழைகள்? ஆப்பிரிக்காவின் குழந்தையைப் போய்ப் பாருங்கள்" என்கின்றனர். இக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியில் பெரியதொரு பிழை மறைந்திருக்கிறது. அந்தப் பிழையை மார்க்கத்தின் ஒளியிலும், உலக நிலவரத்தின் ஒளியிலும் இன்று ஆராய்வோம்.

இரண்டு கணக்குகள்

முதலில் இரண்டு எண்களை உங்கள் முன் வைக்கிறோம்.

யுனிசெப் என்னும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் உலக வங்கியும் சேர்ந்து 2023 செப்டம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டன. நாளொன்றுக்கு 2.15 டாலருக்கும் குறைவாகச் செலவிட இயன்ற குடும்பங்களில், 2022ஆம் ஆண்டில், உலகம் முழுவதும் 33 கோடியே 30 இலட்சம் குழந்தைகள் வாழ்ந்தனர் என்பது அக்கணக்கு. உலகக் குழந்தைகளில் ஆறு பேருக்கு ஒருவர். இங்கே டாலர் என்பது அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட டாலர். இந்த எல்லைக்கோட்டை உலக வங்கி 2025 ஜூன் மாதத்தில் 3 டாலராக உயர்த்திவிட்டது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அதே யுனிசெப் 2023 டிசம்பரில் மற்றொரு கணக்கை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தையும், பொருளாதார வளர்ச்சி பெற்ற நாடுகளின் கூட்டமைப்பையும் சேர்ந்த 40 நாடுகளில் 6 கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வறுமையில் உள்ளனர். ஐவருக்கு ஒருவருக்கும் மேல் என்றது அது.

இவ்விரண்டு கணக்குகளும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல. முதற்கணக்கு உயிர் பிழைத்திருப்பதற்குத் தேவையான குறைந்த அளவை வைத்து அளக்கிறது. இதனை அறுதி வறுமை என்பர். இரண்டாவது கணக்கு அந்த நாட்டில் பிற மக்கள் வாழும் நிலையோடு ஒப்பிட்டு அளக்கிறது. இதனை ஒப்பீட்டு வறுமை என்பர். நகைப்போர் நகைப்பது இந்த இரண்டாம் கணக்கைப் பார்த்தே.

ஒரே சொல், இரண்டு காட்சிகள்

இனி அல்குர்ஆனின் பக்கம் திரும்புவோம். ஜகாத்துக்கு உரியவர்கள் எண்வகையினர் என அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. முதல் இருவகையினர் ஃபகீர்களும் மிஸ்கீன்களும் ஆவர். இவ்விருவருக்கும் என்ன வேறுபாடு என்று ஃபிக்ஹு நூலாசிரியர்கள் நீண்ட ஆய்வு செய்திருக்கின்றனர். மதரஸாவில் அந்தப் பாடத்தை ஓதும்போது இது வெறும் சொல்லாராய்ச்சி என்றே மாணவர்களுக்குத் தோன்றும். ஆனால், இன்றைய உலகின் பெரியதொரு விவாதத்துக்கு அதிலே விடை இருக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் கூறுவதாவது: ஒருவருக்குப் பத்துத் தேவைப்படுகிறது, அவரிடம் ஒன்றுமில்லை, அல்லது இரண்டோ மூன்றோதான் இருக்கிறது என்றால் அவர் ஃபகீர். பத்துத் தேவைப்படும் இடத்தில் ஏழோ எட்டோ இருக்கிறது என்றால் அவர் மிஸ்கீன். இதற்கு அவர்கள் காட்டும் சான்று அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 79ஆம் வசனம். மூஸா (அலை) அவர்களோடு பயணம் சென்ற கிள்ர் (அலை) அவர்கள் ஒரு கப்பலில் பழுது உண்டாக்கினார்களல்லவா? அந்தக் கப்பல் கடலில் உழைத்துப் பிழைக்கும் சில மிஸ்கீன்களுக்கு உரியது என்கிறது திருமறை. சற்றே சிந்தியுங்கள்! அவர்களுக்குக் கப்பல் சொந்தம், தொழில் உண்டு, வருவாயும் உண்டு. ஆயினும் இறைவன் அவர்களை மிஸ்கீன்கள் என்றே அழைக்கிறான்.

ஹனஃபி மத்ஹபின் அறிஞர்களோ மிஸ்கீனே இருவரிலும் மிக வறியவர் என்பர். அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று அல்பலத் அத்தியாயத்தின் 16ஆம் வசனம். அங்கே மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் மிஸ்கீன் பேசப்படுகிறார். மேனிக்கும் தரைக்கும் இடையே ஒரு விரிப்பும் இல்லாதவர் அவர்.

எந்த மத்ஹபின் முடிவு வலுவானது என்பது இன்று நமது பேச்சன்று. நாம் காண வேண்டியது இதுவே: கப்பல் உடையவரும் மிஸ்கீன், மண்ணில் கிடப்பவரும் மிஸ்கீன். திருமறை ஒரே சொல்லால் இருவரையும் சுட்டுகிறது. கப்பல் உடையவரைப் பார்த்து, "மண்ணில் கிடப்பவரைப் பாரும், நீர் ஏழையல்லர்" என்று அது கூறவில்லை. மண்ணில் கிடப்பவரின் துயரை, "கப்பல்காரருக்கும் துன்பந்தானே" என்று சிறுமைப்படுத்தவும் இல்லை.

மண்ணில் கிடக்கும் குழந்தை

முதலில் மண்ணில் கிடக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அக்குழந்தையின் துன்பமே கடுமையானது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஸஹாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் நைஜர் என்னும் நாடு இருக்கிறது. மக்களில் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். கடற்கரை இல்லை, மழை குறைவு. நிலத்தடியில் யுரேனியம் இருக்கிறது. ஆயினும் குழந்தையின் தட்டில் சோறு இல்லை. 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஐந்தாம் பிறந்தநாளைக் காண்பதில்லை. பின்லாந்திலோ நார்வேயிலோ இந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு மூன்றைக்கூட எட்டுவதில்லை. நைஜரின் சிறு குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றிக் குன்றிப் போயிருக்கின்றனர். நம் இந்தியாவிலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 35 பேருக்கும் மேல் அவ்வாறு வளர்ச்சி குன்றியவர்களே.

இக்குழந்தைகளைக் கொல்பவை புரியாத நோய்கள் அல்ல. மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு. மருந்தும் தடுப்பும் மலிவாய்க் கிடைக்கும் நோய்கள். அவற்றைத் தடுக்க இயலும் என்பதற்கு வங்காளதேசம் சான்று. அங்கே 1990இல் ஆயிரத்துக்கு 140க்கும் அதிகமான குழந்தைகள் ஐந்து வயதுக்குள் மரித்தனர். 2022இல் அவ்வெண் முப்பதுக்கும் கீழே இறங்கியது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறோம். 1980 முதல் பத்தாண்டுக் காலம் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குப் புகட்டும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுத்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பாடம் சென்றது. ஒரு பிடி வெல்லத்தால் உயிர்கள் காக்கப்பட்டன. ஏழை நாடும் மனம் வைத்தால் தன் குழந்தைகளைக் காக்க முடியும், அல்ஹம்து லில்லாஹ்.

கப்பல் உடைய குழந்தை

இனி மற்றைக் குழந்தையிடம் வருவோம். செல்வ நாடுகளில் யாரை ஏழை என்று கணக்கிடுகின்றனர்? ஒரு நாட்டின் நூறு குடும்பங்களை வருவாயின்படி வரிசையாக நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். வரிசையின் நட்டநடுவே நிற்கும் குடும்பத்தின் வருவாய் மாதம் முப்பதாயிரம் என்றால், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு, அதாவது பதினெட்டாயிரம், கோடாக வரையப்படும். அதற்குக் கீழே உள்ள குடும்பத்தின் பிள்ளைகள் வறுமையில் இருப்போராகக் கருதப்படுவர். குடும்பத்தின் அளவுக்கேற்ப அக்கணக்கு சரிசெய்யப்படும். சராசரியைக் கொள்ளாமல் நடுக் குடும்பத்தைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. வரிசையின் கோடியில் ஒரு கோடீசுவரர் வந்து நின்றால் சராசரி எகிறிவிடும், நடுவில் நிற்பவர் அசையமாட்டார்.

"இது வெறும் எண் விளையாட்டு, அக்குழந்தைக்கு உண்மையில் என்ன குறை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. யுனிசெப் 2012இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, 29 ஐரோப்பிய நாடுகளில், குழந்தைக்கு இருந்தாக வேண்டிய 14 பொருள்களைப் பட்டியலிட்டு, இரண்டோ அதற்கு மேலோ கிட்டாத குழந்தைகளைக் கணக்கிட்டது. அப்பட்டியலைக் கேளுங்கள்: மூன்று வேளை உணவு, நாளொரு வேளையேனும் இறைச்சி, மீன் அல்லது அதற்கு இணையான உணவு, நாள்தோறும் காய்கனி, பாடநூல் அல்லாத சில புத்தகங்கள், வெளியில் விளையாட ஒரு மிதிவண்டி போன்ற பொருள், ஓய்வு நேரப் பயிற்சி ஒன்று, வீட்டினுள் விளையாட ஏதேனும், பள்ளிச் சுற்றுலாவுக்குக் கட்டப் பணம், வீட்டுப்பாடம் எழுத வெளிச்சமும் அமைதியும் உள்ள ஓர் இடம், இணைய இணைப்பு, பிறர் உடுத்திக் கழித்தவை அல்லாத சில புத்தாடைகள், அளவான இரண்டு இணைக் காலணிகள், தோழரை வீட்டுக்கு அழைத்து உண்பிக்கும் வாய்ப்பு, சிறப்பு நாள்களையும் சமய விழாக்களையும் கொண்டாடும் வாய்ப்பு.

ஜமாஅத்தார்களே! இப்பட்டியலில் ஆடம்பரம் எது? இவற்றுள் பாதி வயிற்றைப் பற்றியவை அல்ல என்பது உண்மை. அவை முகத்தைப் பற்றியவை. மற்றப் பிள்ளைகளின் முன் தலைநிமிர்ந்து நிற்பதைப் பற்றியவை. வகுப்பு முழுவதும் சுற்றுலா செல்லும் நாளில், "காய்ச்சல்" என்று பொய் சொல்லி வீட்டில் தங்கும் பிள்ளைக்குப் பசியில்லை. ஆனால் அது ஏழை. தோழன் வீட்டில் உண்டுவிட்டு, அவனைத் தன் வீட்டுக்கு அழைக்க இயலாமல் நட்பையே விட்டுவிடும் பிள்ளையும் ஏழையே.

நம் மார்க்கம் இதனை முன்பே அறிந்திருக்கிறது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது அல்மஜ்மூஉ என்னும் பெருநூலில், ஒருவரின் தேவை என்பது அவருக்கும் அவர் பராமரிப்பில் உள்ளோருக்கும் வேண்டிய உணவு, உடை, உறையுள் ஆகியவற்றோடு, அவரது நிலைக்குத் தக்கவாறு, வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி இன்றியமையாதவை யாவும் ஆகும் என விளக்குகின்றார்கள். 'அவரது நிலைக்குத் தக்கவாறு' என்னும் கருத்தைக் கவனியுங்கள், அதுவே ஒப்பீடு. ஸ்பெயின் நாட்டு இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்களும், ஏழைக்கு அளிக்க வேண்டிய வீடு மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் மட்டுமன்றி, வழிப்போக்கரின் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என எழுதியிருக்கின்றார்கள். மானமும் தேவையே என்பது இதன் பொருள். மேலைநாட்டுப் பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தும் 1776இல் வெளியான தமது நூலில், ஒரு நாட்டில் கூலித் தொழிலாளி வெட்கமின்றி வெளியே வருவதற்கு எது வேண்டுமோ அதுவும் அவசியப் பொருளே என்றார். அக்கால ஐரோப்பாவின் லினன் சட்டையை அதற்கு உதாரணமாகக் காட்டினார்.

அவ்வளவு ஏன்? நோன்புப் பெருநாள் ஃபித்ராவை எண்ணிப் பாருங்கள். ஓர் ஏழையின் ஆண்டுப் பசியை ஃபித்ரா தீர்த்துவிடாது. ஊரெல்லாம் மகிழும் ஒரு நாளில் அவர் மட்டும் விலகி நிற்கக் கூடாது என்பதன்றோ அதன் நோக்கங்களுள் ஒன்று? ஒப்பீட்டு வறுமையை நீக்குவதற்கு ஷரீஅத் வகுத்த சட்டம் அது என்று சொன்னால் மிகையாகாது.

அளவுகோலின் எல்லை

இவ்வளவுகோலுக்கு ஓர் எல்லையும் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையிலேயே ஹங்கேரி நாட்டின் ஒப்பீட்டு வறுமை 10 விழுக்காடு அளவே. அமெரிக்காவுக்கோ 23 விழுக்காடு. அப்படியானால் ஹங்கேரிக் குழந்தை அமெரிக்கக் குழந்தையினும் வசதியாக வாழ்ந்ததா? இல்லை. முற்கூறிய 14 பொருள்களில் இரண்டேனும் இல்லாத குழந்தைகள் ஹங்கேரியில் ஏறத்தாழ 32 விழுக்காடு இருந்தனர். எல்லாரும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஒப்பீட்டு அளவுகோல் அதைக் காட்டாது. ஆகையால் ஒப்பீட்டு அளவை மட்டும் பார்ப்போர் மண்ணில் கிடப்பவரை மறப்பர். அறுதி அளவை மட்டும் பார்ப்போர் கப்பல் உடையவரை மறப்பர். மார்க்கம் இரு கண்ணாலும் பார்க்கச் சொல்கிறது.

ஓர் ஐயத்துக்கு விடை

இங்கே ஓர் ஐயம் எழலாம். "உலக விஷயத்தில் உங்களுக்குக் கீழே உள்ளோரைப் பாருங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலாயிற்றே! மேலே உள்ளோரோடு ஒப்பிட்டு 'நான் ஏழை' என்பது பொறாமையல்லவா?"

அந்நபிமொழி ஸஹீஹானது, அதில் ஐயமில்லை. ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? தன் உள்ளத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டது. இல்லாதவர் தம் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய பொறுமைப் பாடத்தை, உள்ளவர் எடுத்து அவர் முகத்தில் எறிய உரிமை பெறவில்லை. இல்லாதவருக்கு மார்க்கம் கற்பிப்பது பொறுமை. உள்ளவருக்குக் கற்பிப்பது கொடை. தனக்குரிய பாடத்தை ஓதாமல் பிறருக்குரிய பாடத்தை ஓதிக் காட்டுவது தப்பித்தலேயன்றி வேறன்று.

மிஸ்கீன் என்பவர் ஓரிரு கவளத்துக்காக வாசல்தோறும் சுற்றுபவர் அல்லர். போதிய வசதியும் இன்றி, அவரது நிலை பிறரால் அறியப்படவும் இன்றி, எவரிடமும் கேட்காமல் இருப்பவரே மிஸ்கீன் என்னும் கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. அல்பகறா அத்தியாயத்தின் 273ஆம் வசனமும், கேளாத தன்மானத்தால் செல்வந்தர் போலத் தோற்றமளிக்கும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத வறுமையைத் தேடிக் காண்பது கொடுப்பவரின் கடமை.

செல்வம் இருந்தும் வறுமை ஏன்?

செல்வம் பெருகினால் வறுமை தானே அகலும் என்பது பலரது எண்ணம். யுனிசெப்பின் 2023 அறிக்கை அதனை மறுக்கிறது. ஸ்லோவேனியாவும் ஸ்பெயினும் ஏறத்தாழ ஒத்த தேசிய வருவாய் உடையவை. ஆனால் குழந்தை வறுமை முன்னதில் 10 விழுக்காடு. பின்னதில் 28 விழுக்காடு. போலந்தில் ஏழாண்டுகளில் குழந்தை வறுமை 38 விழுக்காடு குறைந்தது. 2016 முதல் பிள்ளைகளுக்காகக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் 500 ஸ்லோட்டி வழங்கிய திட்டம் அங்கே நடைபெற்றது. அதே காலத்தில் அதைவிடச் செல்வம் மிக்க பிரிட்டனில் குழந்தை வறுமை 20 விழுக்காடு கூடியது.

பிரிட்டனின் நிலை நமக்குப் படிப்பினை தருவது. வீட்டுச் செலவு போக எஞ்சிய வருவாயைக் கணக்கிட்டால், 2023–24இல் அங்கே ஏறத்தாழ 45 இலட்சம் குழந்தைகள் ஒப்பீட்டு வறுமையில் இருந்தனர். வங்காளதேச, பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்வாறு இருந்தனர். கிழக்கு இலண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில், 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் முஸ்லிம்கள். உலகப் பெருவங்கிகளின் கோபுரங்கள் நிற்கும் கேனரி வார்ஃப் அப்பகுதியின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. குழந்தை வறுமை மிக அதிகமுள்ள இடங்களுள் ஒன்றாகவும் அப்பகுதியே இருந்து வருகிறது. கோபுரத்தின் நிழல் விழும் தொலைவில் ஏழைக் குழந்தை.

2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த மூன்றாம் பிள்ளைக்கும் அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் வருவாய் குறைந்த குடும்பங்களுக்கான உதவித்தொகை இல்லை என்று அந்நாட்டில் ஒரு விதி இயற்றப்பட்டது. பெரிய குடும்பங்கள் நொடித்தன. அவ்விதி 2026 ஏப்ரலிலிருந்து நீக்கப்படும் என்று 2025 நவம்பரில்தான் அறிவிப்பு வந்தது.

அமெரிக்காவின் செய்தி இன்னும் தெளிவானது. கொரோனாக் காலத்தில், 2021ஆம் ஆண்டுக்கு மட்டும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3,600 டாலரும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 3,000 டாலரும் எனக் குழந்தை வரிச்சலுகையை அரசு உயர்த்தியது. ஜூலை முதல் டிசம்பர் வரை அதில் பாதியை மாதத் தவணையாகக் குடும்பங்களுக்கே அனுப்பியது. குழந்தை வறுமை 2020இல் 9.7 விழுக்காடு, 2021இல் 5.2 விழுக்காடு. சலுகை நீட்டிக்கப்படவில்லை; 2022இல் 12.4 விழுக்காடு. மூன்றே ஆண்டுகளில் வறுமை இறங்கி ஏறியது. நாட்டின் செல்வம் அதே செல்வம். மாறியது முடிவு ஒன்றே.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட அழுகை

இங்கே அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. இப்னு ஸஅத் (ரஹ்) போன்றோர் பதிவு செய்திருக்கும் நிகழ்ச்சி இது. மதீனாவுக்கு வெளியே வணிகர் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் அவர்களுக்காக இரவுக் காவல் நின்றார்கள். ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. உமர் (ரலி) அவர்கள் சென்று, தாயிடம் குழந்தையைக் கவனிக்கச் சொல்லித் திரும்பினார்கள். அழுகை நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் சென்று இறுதியில் காரணம் கேட்டார்கள். முன்னிற்பவர் யாரென அறியாத அந்தத் தாய், "பால் மறந்த குழந்தைக்கே உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் காலத்துக்கு முன்பே பால் மறக்கடிக்கிறேன்" என்னும் பொருளில் விடை கூறினார்.

அன்று ஃபஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் ஓதியதை மக்கள் தெளிவாகக் கேட்க இயலவில்லை. அழுகை அவர்களை மேலிட்டது. தொழுகை முடிந்ததும் அறிவிப்புச் செய்யச் சொன்னார்கள்: பால் மறக்கடிப்பதில் எவரும் விரைய வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு. மாகாணங்களுக்கும் அதனை எழுதி அனுப்பினார்கள்.

கொடுக்கும் நோக்கத்தோடு இயற்றிய விதியில் ஓர் இடைவெளி இருந்தது; அந்த இடைவெளியில் ஒரு குழந்தை அழுதது. ஆட்சியாளர் காது கொடுத்துக் கேட்டார். ஓர் இரவில் விதி மாறியது. "எங்கள் கஜானா பெரிது" என்று அவர்கள் சொல்லவில்லை. "ஷாமின் குழந்தையைவிட உன் குழந்தை பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை.

நம் மஹல்லாவுக்கு

இவற்றையெல்லாம் ஏன் இப்பொதுக்குழுவில் சொல்கிறோம்? நம் மஹல்லாவிலும் இரு வகை மிஸ்கீன்களும் இருக்கின்றனர். வீட்டில் அடுப்பெரியாத குடும்பங்கள், அல்லாஹ்வின் கிருபையால், முன்னைவிடக் குறைந்திருக்கின்றன. வெளிநாட்டு வருவாய் பல வீடுகளை உயர்த்தியிருக்கிறது. ஆனால் அவ்வாறு உயர்ந்த வீட்டை அடுத்தே, ஆட்டோ ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுபவரும், சிறுகடை வைத்திருப்பவரும் வாழ்கின்றனர். கப்பல் உடைய மிஸ்கீன்கள் அவர்கள். "வண்டி இருக்கிறதே, கடை இருக்கிறதே" என்று அவர்களின் மனுவை ஒதுக்குவதற்கு ஃபிக்ஹில் ஆதாரம் இல்லை. பத்துத் தேவைப்படும் இடத்தில் அவர்களிடம் ஏழே இருக்கிறது.

ஆகையால் நிர்வாகக் குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: பைத்துல்மால் மனுக்களை ஆராயும்போது, 'பட்டினியா?' என்று மட்டும் கேளாமல், 'இந்த மஹல்லாவின் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைப்பவற்றுள் இப்பிள்ளைக்கு எவை கிட்டவில்லை?' என்றும் கேட்க வேண்டும். பள்ளிச் சுற்றுலாக் கட்டணமும், அளவான காலணியும், படிக்க ஒரு மேசையும் விளக்கும் அந்தக் கணக்கில் சேரட்டும்.

இரண்டு: ரமளானில் பலருக்குச் சில்லறையாகப் பங்கிடுவதைவிட, சிலருக்கேனும் தேவை தீருமாறு ஜகாத் சென்று சேரட்டும். கொடுத்தால் தன்னிறைவு உண்டாகுமாறு கொடுக்க வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் வழிமுறை.

மூன்று: இதனைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறோம். நோட்டுப் புத்தகமும் சீருடையும் பெறும் பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பெயர் வாசிப்பதும், நிழற்படம் எடுத்து மலரில் அச்சிடுவதும் இவ்வாண்டு முதல் வேண்டா. நன்கொடையாளரின் மகிழ்ச்சிக்காகவே அவ்வழக்கம் ஏற்பட்டது. எவர் மீதும் நாம் குறை காணவில்லை. ஆனால் வறுமையின் பாதி வெட்கமே என்றால், வெட்கத்தைக் கொடுத்து வறுமையைத் தீர்க்க முடியாது. பின்லாந்து 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் வேறுபாடின்றி உணவளித்து வருகிறது. டவர் ஹாம்லெட்ஸ் நகராட்சியும் 2023 முதல் தன் மேனிலைப் பள்ளிகளிலும் அவ்வாறே செய்தது. எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணும்போது ஏழை யார் என்று தெரிவதில்லை. 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி, 1982இல் விரிவடைந்து, 2022இல் காலை உணவையும் சேர்த்துக்கொண்ட நம் மாநிலப் பள்ளி உணவுத் திட்டத்தின் பெருமையும் இதுவே. மக்தபுக்கு வரும் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே பையும் ஒரே நோட்டும் கொடுப்போம். கட்டண உதவி பெற்றோரின் கைக்கு மறைவாகச் செல்லட்டும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்னும் நன்மாராயத்தை மறவாதீர்கள்.

நான்கு: மிகுதி இருந்தால் எல்லை தாண்டட்டும். செல்வரிடம் பெற்று அங்குள்ள ஏழைக்கே அளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் முஆத் (ரலி) அவர்கள் ஜகாத்தின் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு அனுப்ப, கலீஃபா அதை ஏற்க மறுத்தார்கள். மறு ஆண்டு பாதி வந்தது. அதற்கடுத்த ஆண்டு முழுவதும் வந்தது. வாங்குவதற்கு இங்கே எவருமில்லை என்பதே முஆத் (ரலி) அவர்களின் பதில். அருகில் இருப்பவர் முதலில். பின்னர் அப்பால் இருப்பவர். நம் மஹல்லாவின் தேவை தீர்ந்தபின் எஞ்சுவது, ஜகாத் கொடுப்பாரே இல்லாத பக்கத்து வறிய மஹல்லாவுக்குச் செல்லட்டும். மண்ணில் கிடக்கும் மிஸ்கீனை எட்டும் வழி அங்கிருந்து தொடங்குகிறது.

யதீமாகப் பிறந்து, யதீம்களின் புகலிடமாய் வாழ்ந்த நபியின் உம்மத்தார் நாம். நம் மஹல்லாவில் எந்தப் பிள்ளையும் பசியோடு உறங்காதிருக்கவும், எந்தப் பிள்ளையும் வெட்கத்தோடு விழிக்காதிருக்கவும் வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! நைஜரிலும் இலண்டனிலும் இவ்வூரிலும் வாடும் குழந்தைகள் அனைவர் மீதும் அவன் தன் கருணையைப் பொழிவானாக! நம் கொடைகளை ஏற்று, அவற்றில் கலந்திருக்கும் பெருமையை நீக்கித் தூய்மையாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.